ஒரே பாலத்துக்கு மூன்று பெயர்: பராமரிப்புப் பதிவுகளை அறிவு வரைபடமாக்குவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட், பீடோர், சிலிம் ரிவர் என்று 1ஆம் எண் கூட்டரசு சடக்கை ஒட்டிய எந்தத் தோட்டப்புற டவுனை எடுத்துக்கொண்டாலும், அங்குள்ள பாலங்களின் விவரம் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும். பெரிய சடக்குப் பாலம் ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) கணக்கு. டவுனுக்குள் இருக்கும் சின்னப் பாலம் நகராண்மைக் கழகத்தின் கணக்கு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும் உள்பாலம் தோட்டத்தின் கணக்கு; அது கிராணியின் (தோட்ட எழுத்தரின்) நீள நோட்டில் இருக்கும். கீழே ஓடும் ஆறு ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) பொறுப்பு. தோட்ட எல்லையில் நிற்கும் பாலம் என்றால் இந்த நான்குமே அதைத் தொடும்: ஒருவர் சோதிப்பார், ஒருவர் தார் போடுவார், ஒருவர் குழாயில் அடைத்த மண்ணை வாருவார், ஒருவர் ஆற்று நீர்மட்டத்தைக் குறித்து வைப்பார்.

பதிவுகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு பதிவுக்கும் இன்னொரு பதிவுக்கும் என்ன உறவு என்பதை எந்த நோட்டும் எழுதி வைப்பதில்லை. எக்செல் தாள்களை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினாலும் அந்த உறவு தானாக வந்துவிடாது. அதற்காகத்தான் ஆன்டாலஜி என்று சொல்லப்படும் அறிவு மாதிரி. என்னென்ன பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்னென்ன உறவு இருக்கலாம் என்று முதலில் வரையறுத்துவிட்டு, பதிவுகளை அதற்குள் கொண்டுவந்து சேர்ப்பது. சேர்த்து முடித்தால் கிடைப்பது அறிவு வரைபடம், அதாவது நாலெட்ஜ் கிராஃப்.

முதல் வேலை பெயர். ஜேகேஆர் தாளில் பாலத்துக்கு எண்தான்: சடக்கு எண், கிலோமீட்டர், அதற்குள் எவ்வளவு தூரம் என்று சேர்த்து எழுதுவார்கள். நகராண்மைக் கழகக் கோப்பில் ஆற்றின் பெயரோடு ‘ஜம்பாத்தான்’ (மலாயில் பாலம்) என்று இருக்கும். தோட்டத்து நோட்டில் ‘கோயில் பாலம்’. அதையே பழைய ஆட்கள் ‘ஸ்டோர் பாலம்’ என்பார்கள். ரப்பர் காலத்து ஸ்டோர் அங்கே இருந்திருக்கும். இவற்றில் எதையும் அடையாள எண்ணாக வைக்காதீர்கள். சடக்கை நிமிர்த்தினால் கிலோமீட்டர் மாறும், தோட்டம் கைமாறினால் பெயர் மாறும். ‘பா-017’ என்று எந்தப் பொருளும் இல்லாத ஓர் எண்ணைக் கொடுத்து, இரண்டு கரையிலும் ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, எல்லாப் பெயர்களையும் ‘யார் சொல்லும் பெயர், எந்த ஆண்டிலிருந்து’ என்ற குறிப்போடு அதில் தொங்கவிடுங்கள். அறிவு வரைபடத்தை எழுதும் ஆர்டிஎஃப் முறையில் அடையாளங்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், தடையில்லை.

பாலத்தின் உறுப்புகளுக்கும் இதே முறைதான், ஆனால் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. ‘இடது கெலாகார் துரு’ என்று எழுதியிருக்கும்; கெலாகார் என்றால் தளத்தைத் தாங்கும் நீள உத்திரம். எந்தப் பக்கம் பார்த்து நின்றால் இடது? கெலாகார்களை எப்போதும் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து எண்ணுங்கள்: கெ1, கெ2, கெ3, கெ4. கரைகளை ‘டவுன் கரை’, ‘தோட்டக் கரை’ என்று நிரந்தரமாகப் பிரித்துவிடுங்கள். பழைய பதிவுகளில் எண் தலைகீழாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஓர் ஆண்டு கெ1இல் இருந்த சேதம் அடுத்த ஆண்டு காணாமல் போய், அதே அளவில் கெ4இல் முளைத்திருந்தால், சோதிக்க வந்தவர் எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார். துரு இடம் மாறாது.

பேரிங் (கெலாகார் முனை உட்காரும் தாங்கி), வடிகுழாய், ஜாயிண்ட் ரப்பர் (தளத்தின் முனை இடைவெளியை மூடுவது) போன்றவற்றை மாற்றினால் பழைய எண்ணைப் புதியதற்குக் கொடுக்கக் கூடாது. ‘பே2’ கழற்றப்பட்ட தேதியோடு அதன் வரலாறு முடியட்டும், புதியது ‘பே2-2’. இதைச் செய்யாவிட்டால், போன மாதம் வைத்த புது பேரிங்குக்குப் பத்து வருடத் துரு இருப்பதாக வரைபடம் சொல்லும்.

அடுத்தது சொல். தோட்ட நோட்டில் தமிழ், நகராண்மைத் தாளில் மலாய், கன்சல்டன்ட் அறிக்கையில் ஆங்கிலம். ஒரே சேதம் மூன்று மொழியில் இருக்கும். இதற்கென்றே ஸ்கோஸ் என்ற முறை 2009 முதல் டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பின் பரிந்துரையாக இருக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு மொழிக்கு ஒரு முதன்மைச் சொல், வேண்டிய அளவு மாற்றுச் சொற்கள், அதோடு ‘மறைசொல்’ என்று ஒரு கட்டம். எழுத்துப் பிழைகளையும் சுருக்கங்களையும் மறைசொல்லில் போட்டுவிட்டால், தேடும்போது அகப்படும், அறிக்கையில் மட்டும் தெரியாது. குழாய் அடைப்பு என்ற கருத்தில் ‘அடைப்பு’, ‘மண் கட்டிக்கிச்சி’, ‘தெர்சும்பாட்’, ‘சோக்’ எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும்.

ஆனால் சேர்க்கக் கூடாததைச் சேர்த்துவிடவும் கூடாது. ‘வெடிப்பு’ என்று கிராணி எழுதியது வெறும் கீறலா, சிமெண்டு பெயர்ந்து விழுந்ததா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. மலாயில் ‘ரெத்தாக்’ (கீறல்) என்பதும் ‘பெச்சா’ (உடைதல்) என்பதும் ஒன்றல்ல. ‘கம்பி தெரியுது’ என்பது உண்மையில் இரண்டு சேதம்: மூடியிருந்த கான்கிரீட் போய்விட்டது, உள்ளே இருக்கும் இரும்பு வெளியே வந்துவிட்டது. ‘துரு’, ‘காராத்’ இரண்டும் மேலாகப் படிந்த துருவா, தகட்டையே தின்ற துருவா என்று சொல்வதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் ‘துரு, ஆழம் தெரியாது’ என்ற பொதுக் கருத்தில் நிறுத்துங்கள். ஊகித்து ஆழமான கருத்துக்குள் தள்ளினால், அந்த ஊகம் இரண்டு வருடம் கழித்து அளவீடாகிவிடும். எழுதியவரின் சொந்த வாக்கியத்தையும் பக்கத்தின் படத்தையும் கூடவே வைத்திருங்கள். அவற்றை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

இனி முக்கியமான பகுதி: தண்ணீர் போகும் வழி.

பொதுவாக மாதிரி வரைபவர்கள் ‘அங்கம்’ என்ற ஒரே உறவோடு நிறுத்திக்கொள்வார்கள். பாலத்தின் அங்கம் மேற்கட்டு, மேற்கட்டின் அங்கம் கெலாகார். இது பட்டியல்தான், அறிவு இல்லை. குறைந்தது இன்னும் இரண்டு உறவு வேண்டும்: ‘சுமையைக் கொடுக்கிறது’, ‘தண்ணீரை விடுகிறது’. தளம் கெலாகாருக்குச் சுமை கொடுக்கிறது, கெலாகார் பேரிங்குக்கு, பேரிங் அபட்மெண்டுக்கு, அதாவது கரையில் பாலத்தைத் தாங்கும் சுவருக்கு. தண்ணீரின் வழி வேறு. தளத்தின் ஓரத்தில் இருக்கும் வடிகுழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் சரிவு பார்த்து ஜாயிண்ட்டுக்குப் போகும். ஜாயிண்ட் ரப்பர் கிழிந்திருந்தால் கீழே அபட்மெண்ட் மேல்விளிம்பில் இறங்கும். அங்கே மண்ணோடு சேர்ந்து பேரிங்கைச் சுற்றித் தேங்கும், கெலாகார் முனையை நனைத்துக்கொண்டே இருக்கும். முனையில்தான் தாங்கும் விசை முழுவதும் பேரிங்குக்கு இறங்குகிறது; அதே இடத்தில் தகடு மெலிவதுதான் ஆபத்து. பேரிங் இறுகிப்போனால் வெயிலில் நீளும் பாலம் நகர முடியாமல் அபட்மெண்ட்டைத் தள்ளும், கீறல் விழும்.

விளக்கத்துக்காக எழுதிய ஐந்து பதிவுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு நோட்டு, வேறு ஆண்டு:

முதல் ஆண்டு, தோட்ட நோட்டு: “கோயில் பாலம் கொழா அடைப்பு. ரெண்டு ஆளு அரை நாள்.”
இரண்டாம் ஆண்டு, நகராண்மைக் கோப்பு: தார் மேல்பூச்சு 50 மில்லிமீட்டர், வேலை முடிந்தது.
மூன்றாம் ஆண்டு, சோதனைத் தாள்: டவுன் கரை ஜாயிண்ட், பொச்சோர் (கசிவு).
ஐந்தாம் ஆண்டு, சோதனைத் தாள்: பே1, பே2 காராத்.
ஏழாம் ஆண்டு, சோதனைத் தாள்: அபட்மெண்ட் மேல்விளிம்பு, கீறல் 0.4 மில்லிமீட்டர்.

தனித்தனியாகப் படித்தால் ஐந்து சின்ன விஷயம். ‘தண்ணீரை விடுகிறது’ என்ற கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரே நோயின் ஐந்து படி போலத் தெரியும். இரண்டாம் ஆண்டுத் தார் வேலையில் குழாய் வாயும் ஜாயிண்ட் இடைவெளியும் மூடப்பட்டதா என்பதுதான் இனிப் போய்ப் பார்க்க வேண்டிய கேள்வி. வரைபடம் அந்தக் கேள்வியை எழுப்பும், பதிலைக் கொடுக்காது. இந்த வேறுபாட்டை மறக்கவே கூடாது. வரிசையாக நடந்தது என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஆகவே ‘காரணம்’ என்ற உறவை இயந்திரம் தானாக எழுத விடாதீர்கள். ‘காரணமாக இருக்கலாம்’ என்று எழுதட்டும். நேரில் பார்த்த பொறியாளர் பெயரோடும் தேதியோடும் மட்டும் அது ‘காரணம்’ ஆகட்டும்.

ஸ்பார்க்கிள் 1.1 என்ற கேள்வி மொழி 2013இல் வந்தது. அதில் ஓர் உறவை எத்தனை படி வேண்டுமானாலும் தொடர்ந்து போகச் சொல்லும் வசதி இருக்கிறது. “அடைத்த குழாயிலிருந்து தண்ணீர் போகும் வழியில், அதற்குப் பிந்தைய தேதியில் சேதம் பதிவான எல்லா உறுப்பும்” என்பது அதில் சில வரிதான். சாதாரண அட்டவணையில் இதையே கேட்க, எத்தனை படி என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அல்லது மிகச் சுற்றிவளைத்து எழுத வேண்டும்.

அடைத்த குழாய் என்பது சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்து ஃபெர்ன் ஹாலோ பாலத்தைப் படிக்க வேண்டும். 1970களில் கட்டிய இரும்புப் பாலம், 28 ஜனவரி 2022 அதிகாலையில் பேருந்தோடு சேர்ந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024இல் சொன்ன முடிவு: வடிகால் அடைப்பால் தண்ணீரும் குப்பையும் பாலத்தின் கால்களில் தேங்கி இரும்பைத் தின்றது. சோதனை அறிக்கைகள் வருடக்கணக்காக அதையே எழுதியிருந்தன. பரிந்துரைத்த வேலைகள் நடக்கவில்லை. சுமைக் கணக்கில் தார்ப் படலத்தின் கனம் உண்மையில் இருந்ததைவிடக் குறைவாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்ததும் தெரியவந்தது.

தார்க் கனம் நம் ஊருக்கும் நேராகப் பொருந்தும். 12 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம் உள்ள பாலத்தில் 50 மில்லிமீட்டர் தார் போட்டால் 4.5 கனமீட்டர். கனமீட்டருக்குச் சுமார் 2.35 டன் என்று வைத்தால் பத்தரை டன். பழையதைச் சுரண்டாமல் இரண்டு முறை போட்டால் 21 டன், நிரந்தரமாக மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த வேலை ‘சடக்கு’ செலவில் இருக்கும். பாலக் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது. அதனால் மாதிரியில் தார் வேலையைப் பாலத்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும். சுரண்டிவிட்டுப் போட்டார்களா, மேலேயே போட்டார்களா என்ற கட்டத்தையும் வைக்க வேண்டும். லோரிச் சுமையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இந்தச் சுமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வேலை என்பதைக்கூட ஒரே நிகழ்வாக எழுதாதீர்கள். ஆர்டர் கொடுத்தது, வேலை முடிந்தது, பணம் கொடுத்தது, பிறகு யாரோ போய்ச் சரிபார்த்தது: இவை நான்கு நிகழ்வு, நான்கு தேதி. பல நோட்டுகளில் மூன்றாவது மட்டும்தான் இருக்கும், ஏனென்றால் கணக்குப் பிரிவு அதைத்தான் கேட்கிறது. ‘2,400 வெள்ளி, பாலம் ரிப்பேர்’ என்ற வரி எந்தச் சேதத்தைச் சரிசெய்தது என்று தெரியாவிட்டால், அதை எந்தச் சேதத்தோடும் இணைக்காமல் தனியே விடுங்கள்.

இன்னொரு பெரிய பள்ளம் காலிக் கட்டம். சோதனைத் தாளில் ‘அஸ்திவாரம்’ என்ற இடம் காலியாக இருக்கிறது. சேதம் இல்லையா? தண்ணீர் நிறைந்திருந்ததால் பார்க்க முடியவில்லையா? லாலான் புல் மூடியிருந்ததால் இறங்கவே இல்லையா? மாதிரியில் நான்கு நிலை வையுங்கள்: ‘பார்த்தேன், இருக்கிறது’; ‘பார்த்தேன், இல்லை’; ‘பார்க்க முயன்றேன், முடியவில்லை’; ‘பார்க்கவில்லை’. பழைய காலிக் கட்டங்களுக்கு ‘தெரியாது’ என்ற ஐந்தாவது நிலை. ஆவுல் மொழியில் எழுதிய ஆன்டாலஜி, சொல்லப்படாததைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாது. தெரியாது என்றுதான் விடும். ஆனால் ஸ்பார்க்கிளில் ‘இப்படிப் பதிவு இல்லாத பாலங்களைக் கொடு’ என்று கேட்டால், பதிவு இல்லை என்பதை மட்டும் பார்த்துப் பட்டியல் தந்துவிடும். அந்தப் பட்டியலை ‘சேதமில்லாத பாலங்கள்’ என்று தலைப்பிட்டு மேசைக்கு அனுப்பினால், யாருமே இறங்கிப் பார்க்காத பாலங்கள் முதலிடத்தில் நிற்கும். கட்டாயம் இருக்க வேண்டியவை இருக்கின்றனவா என்று சோதிக்க ஷேக்கிள் என்ற முறை 2017 முதல் இருக்கிறது. நிலை எழுதாத சோதனைப் பதிவை உள்ளேயே விடாமல் திருப்பி அனுப்ப அதைப் பயன்படுத்துங்கள்.

சோதிப்பவர் பாலத்துக்குத் தரும் மதிப்பெண் பற்றிச் சுருக்கமாக. ஜேகேஆர் முறையில் 1 நல்லது, 5 ஆபத்து. அமெரிக்க முறையில் 9 மிக நல்லது, 0 முற்றிலும் பழுதாகிப் பயன்பாட்டில் இல்லாத பாலம். அங்கிருந்து எடுத்த மாதிரியில் திசை தலைகீழ், கவனம். மதிப்பெண் ஒருவரின் கணிப்பு, கீறல் 0.4 மில்லிமீட்டர் என்பது அளவீடு. இரண்டையும் ஒரே கட்டத்தில் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2001இல் வெளிவந்த ஆய்வில் 49 சோதனையாளர்களை ஒரே பாலங்களுக்கு அனுப்பினார்கள். ஒரே உறுப்புக்குச் சராசரியாக நான்கு ஐந்து வெவ்வேறு மதிப்பெண்கள் வந்தன. ஆகவே ஒரு புள்ளி ஏறியது இறங்கியது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் விடக் கூடாது: ஜேகேஆர் முறையில் 4இல் இருந்தது 2 ஆகியிருக்கிறது, நடுவில் எந்த வேலையும் பதிவாகவில்லை. பாலம் தானாகக் குணமாகாது. ஒன்று வேலை நடந்து எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது சோதித்தவர் மாறியிருக்கிறார், அல்லது வேறு பாலத்தின் தாள் இங்கே வந்துவிட்டது. பழைய பதிவுகளைச் சுத்தம் செய்ய நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்.

ஆற்றையும் மாதிரிக்குள் கொண்டுவாருங்கள். ஜேபிஎஸ் நிலையங்கள் நீர்மட்டத்தை நோர்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு படியாகச் சொல்கின்றன. ஒவ்வொரு பாலத்தையும் அதே ஆற்றில் மேலே இருக்கும் நிலையத்தோடு இணைத்து, ‘பஹாயா தொட்ட நாளுக்குப் பிறகு அஸ்திவாரம் பார்க்கப்படவில்லை’ என்று ஒரு கேள்வி எழுதி வையுங்கள். பேராக் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரல், மேயிலும் மழை கனக்கும். செம்பனை மட்டையும் மரத்துண்டும் தூணில் சிக்கி, தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பி, அடிமண்ணைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது அந்தப் பள்ளம் திரும்பவும் இளகிய மணலால் நிரம்பிவிடும். அதனால் வடிந்த பிறகு கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். கம்பியால் குத்திப் பார்த்த ஆழமா, கண்ணால் பார்த்ததா என்று ‘எப்படிப் பார்த்தது’ கட்டத்தில் எழுதுவது இதற்காகத்தான்.

செய்முறை இப்படி. மாதிரியை முதலில் தாளில் வரையுங்கள்; பாலம், உறுப்பு, பார்வை, வேலை, ஆள், ஆவணம் என்று ஆறு வகை போதும். ஐம்பது அறுபது வகை வைத்துத் தொடங்கினால், கிராணி நிரப்ப மாட்டார், வேலை நின்றுவிடும். பிறகு ப்ரோட்டேஜே என்ற இலவச மென்பொருளில் எழுதுங்கள். பெயர்களையும் சொற்களையும் ஒன்றுசேர்க்க ஓபன்ரிஃபைன். சேமித்துக் கேள்வி கேட்க அப்பாச்சி ஜெனா ஃபியூசெக்கி. சாதாரண மடிக்கணினி தாங்கும். மூன்று பாலத்தை முழுமையாக முடித்து, கேள்வி கேட்டுப் பார்த்து, மாதிரியைத் திருத்திய பிறகே மற்றவற்றுக்குப் போங்கள்.

கையெழுத்து நோட்டுகளைப் படிக்க இப்போது மொழி மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். வேகம் கிடைக்கும், ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று இலக்கம்: 3ம் 8ம், 1ம் 7ம். இன்னொன்று மறுப்பு. ‘தியாடா ரெத்தாக்’ என்றால் கீறல் இல்லை. ‘தியாடா’ மங்கலாக இருந்தாலோ மேல்வரியில் இருந்தாலோ, கீறல் இருப்பதாகப் பதிவாகிவிடும். தமிழில் ‘துரு இல்ல’ என்பதும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு 50 பக்கம் எடுத்து, மனிதர் ஒருவர் மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடட்டும். மறுப்புள்ள வரிகள் எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து முழுமையாகப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் முடிவு, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) கைக்குப் போகிற ஒரு தாளாக வர வேண்டும். திரையில் சுழலும் வட்டங்களும் கோடுகளும் அவருக்கு உதவாது. செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன்னால் அச்செடுங்கள். பாலத்தின் பெயர் அவர் சொல்லும் பெயரிலேயே இருக்கட்டும்: ‘கோயில் பாலம், டவுன் கரை, மேல்பக்கத்துக் குழாய் இரண்டு’. பக்கத்தில் போன முறை எடுத்த படம். கொண்டுபோக வேண்டியவை: நீளக் கம்பி, வாளி. கீழே மூன்று கட்டம். வாரிய மண் எத்தனை வாளி? ஜாயிண்ட் இடைவெளி தார் மூடியிருக்கிறதா? வாரிய பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் வெளியே வருகிறது, ஆற்றிலா, பேரிங் மேலா? அந்த மூன்றாவது கட்டத்தின் பதில் அன்று மாலையே கிராணி மேசைக்கு வந்து, ‘தண்ணீரை விடுகிறது’ என்ற கோட்டில் ஏறட்டும்.